இரண்டு டன் லேத்தும் பதினைந்து லிட்டர் குடமும்

"மிஸ், ஜாக்கி போட்டா காரோட வெயிட் கொறைஞ்சிடுமா?"

போன மாதம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். அவனுடைய மாமா வட சென்னையில் கொருக்குப்பேட்டைப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஒல்லியான மனிதர். அவர் ஒரு கையால் கம்பியைச் சுற்றச் சுற்ற ஒரு முழு கார் மேலே எழும்புவதைப் பார்த்து வளர்ந்தவன் இவன். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். நான் அவர்களை அமைதிப்படுத்திவிட்டு, கேள்வியைக் கரும்பலகையில் அப்படியே எழுதி வைத்தேன். ஏனென்றால் ஏறக்குறைய இதே வயதில் இதே கேள்வியை நான் என் நைனாவிடம் கேட்டிருக்கிறேன்.

நைனாவுக்குக் கலாசி வேலை. ரயில்வேயில் கலாசி என்று ஒரு பதவி உண்டு, இது அது இல்லை. கனமான மிஷின்களை லாரியிலிருந்து இறக்கி, பட்டறைக்குள் கொண்டுபோய், சொன்ன இடத்தில் உட்கார வைக்கிற வேலை. மண்ணடி தெருக்களில் இரும்புக் கடையும் மிஷின் கடையும் அடுத்தடுத்து இருக்கும். தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் சின்னச் சின்னப் பட்டறைகள் இருந்தன. அந்தச் சந்துகளில் கிரேன் நுழையாது. நுழைந்தாலும் பட்டறையின் கூரை இடிக்கும். அங்கேதான் நைனாவின் கேங்கைக் கூப்பிடுவார்கள். ஆறு பேர், சில நாள் ஐந்து பேர்.

அவர்களுடைய சாமான்கள் மொத்தமும் ஒரு மீன்பாடி வண்டியில், அதாவது பாரம் ஏற்றுகிற மூன்று சக்கர மிதிவண்டியில், அடங்கிவிடும். நாலு கடப்பாறை, ரெண்டு திருகு ஜாக்கி, ஒரு செயின் பிளாக், ஒரே அளவில் வெட்டிய ஆறு இரும்புப் பைப், பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகள், ஒரு பெரிய சுத்தி, கயிறு, கிரீஸ் டப்பா. மோட்டார் கிடையாது, கரண்ட் தேவையில்லை. பள்ளி விடுமுறை நாட்களில் மதியச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் நான் போய் நின்றுவிடுவேன். ஒருநாள் அப்படி நின்றபோதுதான், இரண்டு டன் எடையுள்ள ஒரு லேத்தை, இரும்பைச் சுழற்றிக் கடைகிற மிஷினை, இரண்டு பேர் தூக்கினார்கள்.

தூக்கினார்கள் என்றால் தலைக்கு மேல் இல்லை. ஒரு முனையை மட்டும், ஒரு சென்டிமீட்டர்.

அந்தக் காட்சியை இன்றைக்கு என்னால் கணக்காகவே பார்க்க முடிகிறது. லேத்தில் ஹெட்ஸ்டாக், அதாவது இரும்பைப் பிடித்துச் சுழற்றுகிற தலைப்பகுதி, இருக்கிற பக்கம் கனம் அதிகம். இரண்டு டன்னில் அந்த முனை மட்டும் 1,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கடப்பாறை ஐந்தடி, அதாவது சுமார் 150 செ.மீ. அதன் நுனியை லேத்தின் அடியில் செருகி, நுனியிலிருந்து ஏழு செ.மீ. தள்ளி ஒரு இரும்புத் துண்டை முட்டுக் கொடுத்தார்கள். அந்தத் துண்டுதான் ஆதாரப்புள்ளி. அதற்கு அந்தப் பக்கம் ஏழு செ.மீ., இந்தப் பக்கம் 143 செ.மீ. கிட்டத்தட்ட இருபது மடங்கு. ஆக, ஒருவர் தன் உடம்பை லேசாகச் சாய்த்து 30 கிலோ அழுத்தம் கொடுத்தால், மறுமுனையில் அது 600 கிலோவாக எழும்பும். இரண்டு கடப்பாறை, 1,200 கிலோ. முடிந்தது.

"தூக்கு" என்று நைனா சொல்லவே மாட்டார். "ஒரு நூலு குடு" என்பார். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. ஒரு நூல் எழும்பினால் ஒரு தகடு நுழையும். அடுத்த நூலுக்கு இன்னொரு தகடு. கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் தகட்டை எடுத்துவிட்டுப் பலகை. அப்புறம் ஜாக்கி நுழைய இடம் கிடைத்துவிடும். அரை மணி நேரத்தில் லேத் நாலு கட்டையின் மேல் அமைதியாக உட்கார்ந்திருந்தது. யாருக்கும் மூச்சு வாங்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன், "நைனா, கடப்பாறை போட்டா அது வெயிட்டு கொறைஞ்சிடுமா?"

"வெயிட்டு எங்க கண்ணு கொறையும்? அது அப்டியேதான் கீது. நம்ம கை எவ்ளோ தூரம் எறங்குச்சி, அது எவ்ளோ ஏறுச்சி, அத்த பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன். கை ஏறக்குறைய ஒரு சாண் இறங்கியது. லேத் விரல் பருமன்கூட ஏறவில்லை.

இருபது மடங்கு விசை கிடைத்தது, ஆனால் இருபது மடங்கு தூரம் கையை நகர்த்த வேண்டியிருந்தது. 1,200 கிலோவை 1 செ.மீ. உயர்த்தினால் 12 கிலோ-மீட்டர் வேலை (கிலோவை மீட்டரால் பெருக்கியது, தூரத்தைச் சொல்கிற கிலோமீட்டர் இல்லை). இந்தப் பக்கம் இரண்டு பேர், ஆளுக்கு 30 கிலோ, 20 செ.மீ. கணக்குப் போட்டால் அதே 12. பத்துப் பைசா தள்ளுபடி கிடையாது. இதைச் சொல்ல நைனாவுக்கு 'எந்திர லாபம்' என்ற சொல் தேவைப்படவில்லை. பாடநூலில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் எனக்கு அதன் மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. லாபம் என்று படிக்கிற பிள்ளை எதையோ சும்மா பெற்றோம் என்று நினைத்துக்கொள்ளும்.

இப்போது ஜாக்கிக்கு வருகிறேன், அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். திருகு என்பது ஒரு தண்டின் மேல் சுற்றி வைத்த சாய்தளம். மலைப்பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுவதைப் போல. திருகின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே 6 மில்லிமீட்டர் என்றால், கம்பியை ஒரு முழுச் சுற்று சுற்றும்போது கார் 6 மி.மீ. ஏறும். கம்பியின் நீளம் 30 செ.மீ. என்றால் அந்த ஒரு சுற்றில் உன் கை நடந்த தூரம் கிட்டத்தட்ட 188 செ.மீ. முந்நூறு மடங்குக்கும் மேல். காரின் எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அதில் ஜாக்கி தூக்கிய பங்கு முழுவதும் ஜாக்கி வழியாகத் தரையில்தான் இறங்குகிறது. அதனால்தான் மண் தரையில் ஜாக்கிக்கு அடியில் உன் மாமா பலகை வைக்கிறார்.

"பலகை வெக்கலன்னா பூந்துடும் மிஸ்" என்றான். அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் அந்த முந்நூறு மடங்கு முழுசாகக் கைக்குக் கிடைக்காது. மரையும் மரையும் தேய்வதில் பாதிக்கு மேல் உராய்வுக்குப் போய்விடும். இதை வீணாகப் போனதாக நினைக்கலாம். ஆனால் கையை எடுத்த பிறகும் கார் தானாகக் கீழே இறங்காமல் நிற்பது அந்த உராய்வினால்தான். உராய்வில் பாதிக்கும் குறைவாக இழக்கிற திருகு, கையை விட்டதும் பின்னோக்கிச் சுழன்று பாரத்தைக் கீழே இறக்கிவிடும். ஏறும்போது நம்மிடம் அதிகம் வாங்கிக்கொள்கிற அதே உராய்வு, ஏறியபின் பாரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. இதை முதல் முறை புரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. நைனாவும் அவருடைய ஆட்களும் ஜாக்கியின் திருகில் கண்டபடி கிரீஸ் பூச மாட்டார்கள். அளவாகத்தான் தொடுவார்கள். ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

சாமான் ஏற்றிய மீன்பாடி வண்டியைப் பாலத்தில் ஏற்றுவதும் இதே சாய்தளக் கணக்குதான். வட சென்னையில் ரயில் பாதையைத் தாண்டாமல் எங்கேயும் போக முடியாது. 1856-இல் ராயபுரம் ஸ்டேஷன் திறந்ததிலிருந்து இந்த ஊர் தண்டவாளங்களுக்கு நடுவில்தான் வளர்ந்திருக்கிறது. ஏதாவது ஒரு பாலம் குறுக்கே வரும். வண்டிக்காரர் நேராக ஏற மாட்டார். விடியற்காலை, ரோடு காலியாக இருந்தால், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கோணலாகப் போவார், அப்புறம் திரும்பி இந்த ஓரத்துக்கு. பார்க்கிறவருக்கு அவர் தள்ளாடுவதாகத் தோன்றும். உண்மையில் அவர் பாலத்தின் சரிவைக் குறைத்துக்கொண்டிருக்கிறார், மிதிக்கும் தூரத்தைக் கூட்டிக்கொண்டு.

நகர்த்துவது வேறு கலை. கான்கிரீட் தரையில் இரும்பு அடியைக் கொண்ட லேத்தை அப்படியே இழுக்கப் பார்த்தால் அதன் எடையில் பாதியை நெருங்குகிற விசை வேண்டியிருக்கும். எண்ணூறு கிலோ, ஆயிரம் கிலோ. ஆறு பேரால் ஆகாது. அதனால் அடியில் ஸ்லீப்பர் கட்டையைத் தண்டவாளம் போலப் போட்டு, அதன் மேல் குறுக்கே பைப்புகளை வைப்பார்கள். தேய்ப்பது போய் உருள்வது வந்துவிடும். பிறகு நாலு பேர் தோள் கொடுத்தால் போதும். சின்னப் பிள்ளையாக நான் கவனித்த ஒரு விஷயம் இங்கே உண்டு. லேத் இரண்டடி முன்னால் போனால் பைப் ஓரடிதான் போகும். அதனால் பைப்புகள் ஒவ்வொன்றாகப் பின்னால் தங்கி வெளியே வரும், ஒருவர் அதை எடுத்து ஓடி முன்னால் போட வேண்டும். உருளையின் மேல்பக்கம் பாரத்தோடு அதே வேகத்தில் போகிறது, அடிப்பக்கம் கட்டையைத் தொட்டு அந்தக் கணத்துக்கு நிற்கிறது, நடுப்பகுதி பாதி வேகத்தில் போகிறது. அவ்வளவுதான் ரகசியம். லேத்தைத் திருப்ப வேண்டுமென்றால் யாரும் லேத்தைத் தொட மாட்டார்கள். முன் பைப்பின் ஒரு முனையைச் சுத்தியால் ரெண்டு தட்டு. பைப் கோணலாகும், இரண்டு டன்னும் அது காட்டிய பக்கம் திரும்பும்.

ஆரம்ப அசைவுதான் கஷ்டம். "ஐலசா" என்று எல்லோரும் ஒரே நொடியில் தள்ளுவது அதற்குத்தான். அசைந்த பிறகு குரல் தேவைப்படாது. நின்றுகொண்டிருக்கும் பொருளை நகர்த்துவதற்கு வேண்டிய விசை, நகரும் பொருளைத் தொடர்ந்து நகர்த்துவதற்கு வேண்டியதைவிட அதிகம். இதையெல்லாம் அளந்து எழுதியவர்களில் ஒருவர் கூலும். பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். ரோஷ்ஃபோர் துறைமுகத்தின் கப்பல் கட்டும் தளத்தில் மரத்தையும் இரும்பையும் கயிற்றையும் வைத்துச் சோதனை செய்து, எளிய எந்திரங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு 1781-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசு கிடைத்தது. நீண்ட நேரம் ஒரே இடத்தில் கிடந்த பொருளை அசைக்க இன்னும் அதிக விசை தேவைப்படுவதையும் அவர் பார்த்திருக்கிறார். நம் பிள்ளைகளுக்குக் கூலும் என்றால் மின்னூட்டத்தின் அலகு மட்டுமே. அவர் ஒரு துறைமுகத்தில் கயிற்றோடும் கட்டையோடும் நின்றவர் என்று சொன்னால் காசிமேட்டுப் பிள்ளைகளின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் நான் படித்தபோது 'வேலை' என்ற பாடம் வந்தது. தலையில் சுமையோடு சமதளத்தில் நடக்கிறவர் செய்யும் வேலை பூஜ்யம் என்று டீச்சர் சொன்னார். நோட்டில் எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை.

காரணம் அம்மா. அந்த நாட்களில் எங்கள் தெருவில் விடியற்காலை நாலு மணிக்கு மெட்ரோ தண்ணீர் வரும். வரும் என்றால் குழாயில் பாய்ந்து வராது, அடிபம்பில் அடித்து எடுக்க வேண்டும். வரிசையில் குடங்கள், பச்சையும் சிவப்பும் நீலமும். அம்மா அடித்து, நிரப்பி, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்து, சந்து முழுக்க நடந்து, முதல் மாடிக்கு ஏற வேண்டும். பத்துக் குடம். அப்புறம்தான் அவருடைய நாள் தொடங்கும். அந்த நடைக்குப் பூஜ்யம் போடச் சொன்னால் எப்படிப் போடுவேன்?

அந்தக் கோபம் எனக்குப் பல ஆண்டுகள் இருந்தது. கல்லூரியில்தான் தீர்ந்தது. இயற்பியலில் வேலை என்பது பட்ட பாட்டின் பெயர் இல்லை. சுமைக்குள் போய்ச் சேர்ந்த ஆற்றலின் பெயர். குடம் சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அதே உயரத்தில் போனால், போய்ச் சேர்ந்தபின் அந்தத் தண்ணீரிடம் கூடுதலாக எந்த ஆற்றலும் இல்லை. ஆனால் அம்மாவின் உடம்பில் ஆற்றல் செலவாகிக்கொண்டே இருந்தது. தசை என்பது மேஜை இல்லை. மேஜை எதையும் செலவழிக்காமல் ஒரு பாரத்தை வருடக்கணக்கில் தாங்கும். தசையின் இழைகளோ பற்றி, விட்டு, மறுபடி பற்றித்தான் ஒரு பாரத்தை அசையாமல் பிடிக்க முடியும். ஒவ்வொரு பற்றுக்கும் சாப்பாட்டிலிருந்து வந்த ஆற்றல் வேண்டும். அதெல்லாம் வெப்பமாகிப் போகிறது. அம்மாவின் முதுகில் விடியற்காலையிலேயே வேர்வை இருந்தது அதனால்தான். பூஜ்யம் என்று சொல்கிற டீச்சர் இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்த வருடம் ஒரு மாலையில் உட்கார்ந்து வேறொரு கணக்குப் போட்டேன். 15 லிட்டர் பிடிக்கிற குடம், தரையிலிருந்து இடுப்புக்கு 80 செ.மீ. பெருக்கினால் 12 கிலோ-மீட்டர். இந்த எண்ணைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. இரண்டு ஆண்கள் இரண்டு கடப்பாறை போட்டு லேத்தின் முனையை ஒரு சென்டிமீட்டர் எழுப்பியபோது செய்த வேலையும் 12. தெருவே வேடிக்கை பார்த்த அந்தத் தூக்கும், யாரும் திரும்பிப் பார்க்காத இந்தத் தூக்கும் ஒரே அளவு.

நிறுத்தாமல் மேலே போனேன். முதல் மாடி மூன்று மீட்டர். ஒரு குடத்துக்கு 45 கிலோ-மீட்டர், பத்துக் குடத்துக்கு 450. ஆனால் குடம் தனியாக மாடி ஏறுவதில்லை, ஐம்பது கிலோ அம்மாவும் கூடவே ஏறுகிறார். அது பத்து முறைக்கு 1,500. மொத்தம் 1,950. இரண்டு டன் லேத்தை, ஒரு முனையை அல்ல, முழு லேத்தையும், தரையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிற வேலை இது. தினமும் விடிவதற்கு முன்னால். நைனாவிடம் அந்தத் தாளைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "மாடிக்கு ஒரு கப்பி மாட்டிக் குடுத்திருக்கலாம்" என்றார். "எனக்குத் தோணவே இல்ல பாரு." அதற்குப் பிறகு அவர் வேறெதுவும் சொல்லவில்லை. அவருடைய முகத்தில் இருந்தது எனக்குத் தெரியும், அதை இங்கே எழுத வேண்டாம்.

கப்பி இருந்தால் 1,500 போய்விடும், 450 மட்டும் மிஞ்சும். ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைக்காது, விசையின் திசையை மட்டும் மாற்றும். மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே இழுக்கலாம், உடம்பின் எடையே உதவிக்கு வரும். ஆனால் அதைவிடப் பெரிய லாபம், அம்மா தன்னைத் தானே தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டியதில்லை.

நைனாவின் இடது காலில் இரண்டு விரல் கிடையாது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் நிலைமம் என்ற பாடத்தை நான் அங்கே படித்தேன்.

ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். லேத் பைப்பின் மேல் வந்துகொண்டிருந்தது. முட்டுக்கட்டை போடுகிறவர் ஒரு நொடி பின்தங்கிவிட்டார். தரை பார்ப்பதற்குச் சமதளம்தான். ஆனால் கழுவிவிட்ட தண்ணீர் ஓடுவதற்காக ஒரு மூலையை நோக்கிச் சரிவு வைத்துக் கட்டியிருந்தார்கள், மீட்டருக்கு இரண்டு செ.மீ. கண்ணுக்குத் தெரியாது. பாரம் தரையில் நேராக உட்கார்ந்திருந்தால் இந்தச் சரிவு ஒரு பொருட்டே இல்லை, உராய்வு பிடித்துக்கொள்ளும். உருளையின் மேல் அந்தப் பிடி கிடையாது. இரண்டு டன்னுக்கு ஐம்பதில் ஒரு பங்கு என்றால் நாற்பது கிலோ. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆள் பின்னாலிருந்து நாற்பது கிலோ விசையோடு தள்ளிக்கொண்டே இருப்பது போல.

லேத் வேகமாக ஓடவில்லை. கைக்குழந்தை நடை பழகுகிற வேகம், நொடிக்கு அரை மீட்டர். நைனா காலை வைத்து நிறுத்தப் பார்த்தார். இப்போது கணக்குப் போட்டால் அந்த வேகத்தில் அதனிடம் இருந்த ஆற்றல் 250 ஜூல்தான். கேட்கச் சின்ன எண். ஆனால் அதை ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்த வேண்டுமென்றால் 25,000 நியூட்டன் வேண்டும், இரண்டரை டன் எடைக்குச் சமம். நிறுத்துவதற்குக் கிடைக்கும் தூரம் குறையக் குறைய விசை ஏறும். கடப்பாறையில் நமக்கு உதவியாக இருந்த அதே பேரம், காலில் திரும்பிக்கொண்டது. தூரத்தைக் கொடுத்தால் விசை குறையும், தூரம் இல்லாவிட்டால் விசை வந்து நசுக்கும்.

"நிக்கிறத நவுத்தறது கஷ்டம்னு எல்லாருக்கும் தெரியும் கண்ணு. நவுந்தத நிறுத்தறதும் அதே கஷ்டந்தான்னு ஆஸ்பத்திரில படுத்துகினே யோசிச்சேன்" என்று பின்னால் ஒருமுறை சொன்னார். 1687-இல் நியூட்டன் எழுதிய முதல் விதியின் இரண்டு பாதிகளும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன.

செய்தித்தாளில் முட்டுக்கட்டை என்ற சொல் எப்போதும் கெட்ட அர்த்தத்தில்தான் வருகிறது. நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள் என்பார்கள். எனக்கு அந்தச் சொல் வேறு. திருவொற்றியூரில் மாசித் தேர் பார்க்கப் போனால் எல்லோரும் வடத்தையும் கலசத்தையும் பார்ப்பார்கள், நான் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நடப்பேன். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி கட்டையோடு நடக்கிற ஆட்கள். தேரை இழுப்பது ஊர். நிறுத்துவதும் திருப்புவதும் அவர்கள். அந்தக் கட்டை ஆப்பு வடிவில் இருப்பதற்கும் காரணம் உண்டு. சக்கரம் அதன் மேல் கொஞ்சம் ஏறி, தேரின் வேகத்தை உயரமாக மாற்றிக்கொண்டு, நிற்பதற்குத் தூரம் பெற்றுக்கொள்கிறது. செங்குத்தான கட்டையாக இருந்தால் இடித்து உடையும்.

கால் ஆறும்வரை நைனா வேலைக்குப் போகவில்லை. தம்பியோடு தெருமுனைக் கேரம் கிளப்பில் உட்கார்ந்திருப்பார். வட சென்னையில் கேரம் கிளப் இல்லாத தெரு குறைவு. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண்தான். கேரம் போர்டைவிட நல்ல இயற்பியல் மேஜை எனக்குத் தெரியாது. ஸ்டிரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம், காய் 5 கிராமுக்குக் கொஞ்சம் மேல். நேருக்கு நேர் அடித்தால், இழப்புகளை ஒதுக்கிவிட்டுப் பார்க்க, காய் ஸ்டிரைக்கரைப் போல ஒன்றரை மடங்கு வேகத்தில் பாயும். ஸ்டிரைக்கர் நிற்காது, பாதி வேகத்தில் பின்னாலேயே போகும். காய்க்குப் பின்னால் ஸ்டிரைக்கரும் குழிக்குள் விழுந்து பையன்கள் தலையில் கை வைப்பது இதனால்தான். காயும் காயும் மோதினால் அப்படி இல்லை, எடை ஒன்று என்பதால் வந்தது நின்றுவிடும், நின்றது போய்விடும். கனமானது நிற்காது என்பதை நைனா அந்தப் பலகையில் மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார் என்று தம்பி சொல்வான்.

சரி, ஜாக்கிக் கேள்விக்குத் திரும்புகிறேன். மறுவாரம் நைனாவின் கடப்பாறை ஒன்றை ஆட்டோவில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். ஆய்வகத்தில் ஒரு பழைய ஸ்டீல் பீரோ இருக்கிறது, உள்ளே முழுக்கப் புத்தகம். அதன் காலுக்கடியில் நுனியைச் செருகி, செங்கல் துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்தோம். வகுப்பிலேயே சின்ன உருவமாக இருக்கிற பையனைக் கூப்பிட்டேன். இரண்டு பேர் பீரோ சாயாமல் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்கள், இரண்டு பேர் ஸ்கேலோடு. பீரோ எழும்பியதும் வகுப்பே கத்தியது. கை இறங்கியது 40 செ.மீ., பீரோவின் கால் ஏறியது 2 செ.மீ.கூட இல்லை, ஒன்றரைதான். கம்பியின் நீளத்தை அளந்தால் 2 வர வேண்டும். மீதி அரை சென்டிமீட்டர் எங்கே போனது என்று கேட்டேன். ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, செங்கல் நொறுங்கியிருக்கிறது என்றான். அதனால்தான் நைனா இரும்புத் துண்டு வைப்பார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அடிபம்பும் இதானா மிஸ்?" என்றாள். போய் அளந்து பார் என்றேன்.

மறுநாள் காலை, அட்டெண்டன்ஸ் எடுப்பதற்கு முன்பே நோட்டோடு வந்து நின்றாள். கைப்பிடி இறங்குவது 66 செ.மீ., கம்பி ஏறுவது 11 செ.மீ., ஆறு மடங்கு. அதற்குக் கீழே அவளாக இன்னொரு கணக்கும் போட்டிருந்தாள். வீட்டில் கிடந்த பழைய வாஷரின் குறுக்களவு ஏழரை செ.மீ. அதை வைத்து, ஒரு அடிக்கு எவ்வளவு தண்ணீர் வர வேண்டும் என்று கண்டுபிடித்து, 15 லிட்டர் குடத்துக்கு 31 அடி என்று எழுதியிருந்தாள்.

"ஆனா எங்கம்மா நாப்பத்தி மூணு அடிக்கிறாங்க மிஸ், நான் எண்ணுனேன். வாஷர் தேஞ்சிருக்கு. இன்னிக்கு சாயந்திரம் மாத்திடலாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."